ஏழாம் லயத்துக் கடிதம்

கம்பனிக்கு வரும் தமிழ்க் கடிதங்கள் எல்லாம் கடைசியில் யசோதினியின் மேசைக்குத்தான் வந்து சேரும். அவளுடைய நியமனக் கடிதத்தில் அப்படி ஒரு வேலை எழுதப்பட்டிருக்கவில்லை. பன்னிரண்டு தேயிலைத் தோட்டங்களை நடத்திய அந்தக் கம்பனியின் மக்கள் தொடர்புப் பணிப்பாளர் அவள். தோட்டங்களில் கொழுந்து பறிக்கிறவர்கள் அநேகமாக எல்லோரும் தமிழர்கள். கண்டி, பேராதனை வீதியில் இருந்த தலைமைக் கந்தோரிலோ தமிழ் வாசிக்கத் தெரிந்தவர்கள் இரண்டே பேர். ஒருவர் வான் சாரதி, மற்றவள் யசோதினி. ஆகவே தபால் பிரிக்கும் பியோன், உறையில் தமிழைக் கண்டால் யோசிக்காமல் இரண்டாம் மாடிக்கு எடுத்துக்கொண்டு போய்விடுவார்.

அவளுக்கு அப்போது நாற்பத்து மூன்று வயது. கலஹாவுக்கு மேலே ஒரு தோட்டத்தில் பிறந்தவள். அப்பா சின்னமுத்து தோட்டத்துக் கணக்கப்பிள்ளை என்பதால், தொழிலாளர்கள் வரிசை வீடுகளாகக் குடியிருக்கும் லயத்தில் அவள் வளரவில்லை. லயத்துப் பிள்ளைகளோடு விளையாடிவிட்டுப் பொழுதுபடும்போது தனி வீட்டுக்குத் திரும்புகிற பிள்ளையாக வளர்ந்தாள். கலஹா பஸ்ஸில் பேராதனைக்கும், அங்கிருந்து கண்டிக்குமாகப் போய்ப் படித்தாள். சிங்களம் பஸ்ஸில் வந்தது, ஆங்கிலம் பாடசாலையில் வந்தது. கம்பனியில் மொழிபெயர்ப்பாளராகச் சேர்ந்தவள், பதினெட்டு வருடங்களில் பணிப்பாளர் ஆனாள். மாதக் கூட்டத்தில் தோட்ட நிருவாகிகளான துரைமாரோடு சரிசமமாகக் கதிரை போட்டு உட்கார்ந்த முதல் தமிழ்ப் பெண் என்று ஒரு பத்திரிகை அவளைப் பற்றி அரைப் பக்கம் எழுதியிருந்தது.

அவளுடைய கெட்டித்தனம் எதில் என்றால், சூடான சொல்லை ஆற்றிக் கொடுப்பதில். தொழிற்சங்கக்காரர் மேசையில் அடித்துப் பேசினால், "அவர்கள் தங்கள் கவலையைத் தெரிவிக்கிறார்கள்" என்று ஆங்கிலத்தில் சொல்வாள். துரை வாய்க்கு வந்தபடி ஏசினால், "துரை கொஞ்சம் மனவருத்தத்துல இருக்காரு" என்று தமிழில் சொல்வாள். இரண்டு பக்கமும் எழுந்து போகாமல் உட்கார்ந்திருக்கும். அதனால் இரண்டு பக்கமும் அவளை நம்பின.

ஏழாம் லயத்துக் கடிதம் ஒக்டோபர் முதல் கிழமையில் வந்தது. கோடு போட்ட தாளில் இரண்டு பக்கம். கல்லுமலைத் தோட்டத்திலிருந்து மாதர் சங்கச் செயலாளர் பாலம்மா எழுதியிருந்தாள். கீழே பதினெட்டுக் கையெழுத்துகள். லயத்துக்குப் பின்னால் உள்ள மண்மேட்டில் குறுக்கே வெடிப்பு விட்டிருக்கிறது, அதற்குள் ஒரு கை முழங்கை வரைக்கும் போகிறது, இதுவரை தண்ணீர் இல்லாத இடத்தில் ஊற்று வருகிறது, கலங்கல் தண்ணீர், கக்கூஸ் சுவர் பிளந்துவிட்டது, துரையிடம் இரண்டு தடவை சொல்லியாயிற்று, யாராவது வந்து பாருங்கள்.

யசோதினி அதை நின்றபடியே வாசித்தாள். முதல் பக்கம் முடிந்ததும் தொலைபேசி அடித்தது. பத்து நாளில் கொழும்பில் ஒரு மாநாடு இருந்தது. மக்கள் தொடர்புத் துறையில் தலைமைக்கு வந்த பெண்கள், பல நாடுகளில் இருந்து, மேடையில் ஒன்றாக உட்கார்ந்து பேசப்போகிறார்கள். இலங்கையிலிருந்து அவள் பெயர் போயிருந்தது. அழைத்தவர்கள் அவளுடைய புகைப்படம் கேட்டார்கள். கடிதத்தை மொழிபெயர்த்துத் தோட்டப் பிரிவுக்கு அனுப்ப வேண்டும், கொழும்பு வேலை முடியட்டும் என்று நினைத்து அதை மேசையிலிருந்த கடிதத் தட்டில் வைத்தாள்.

மாநாடு நன்றாகவே நடந்தது. பினாங்கிலிருந்து வந்த மலாய்ப் பெண், தன் ஊரில் பெண் அதிகாரி சிரிக்காவிட்டால் திமிர் என்பார்கள், சிரித்தால் தகுதி இல்லை என்பார்கள் என்றாள். கென்யாவின் தேயிலைக் கம்பனி ஒன்றிலிருந்து வந்த செபெட் என்ற பெண், "எங்கள் ஆண்கள் நல்ல செய்தியைத் தாங்களே சொல்வார்கள். கெட்ட செய்தி என்றால்தான் எங்களைக் கமராவுக்கு முன்னால் நிறுத்துவார்கள்" என்றாள். மண்டபம் சிரித்தது. யசோதினியும் சிரித்தாள். மதியச் சாப்பாட்டின்போது செபெட் அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"உங்கள் தொழிலாளர்கள் முறைப்பாடு எழுதினால் எந்த மொழியில் எழுதுவார்கள்?" என்று கேட்டாள்.

"தமிழில்."

"அதை வாசிப்பது யார்?"

"நான்தான். எல்லாவற்றையும் நானே வாசிப்பேன்" என்றாள் யசோதினி. சொல்லும்போது அது பொய் என்று அவளுக்குத் தோன்றவில்லை.

கண்டிக்குத் திரும்பியதும் தீபாவளி விருந்து, வெளிநாட்டுக் கொள்வனவாளர்களின் வருகை என்று நாட்கள் போயின. நவம்பர் முதல் கிழமையில்தான் தட்டிலிருந்த கடிதங்களை எடுத்தாள். ஆறேழு கடிதங்கள். எல்லாவற்றையும் ஒரே மின்னஞ்சலில் சுருக்கி அனுப்பினாள். கல்லுமலைக் கடிதத்துக்கு ஒரே ஒரு வரி. ஏழாம் லயத்துக்குப் பின்னால் சிறிதளவு மண்ணரிப்பு, கழிப்பறைச் சுவர் திருத்த வேண்டும் என்று கேட்கிறார்கள் என ஆங்கிலத்தில் எழுதினாள். வெடிப்பு மண்ணரிப்பு ஆனது. கை போகும் அளவு சிறிதளவு ஆனது. யாரும் அப்படி எழுதச் சொல்லவில்லை. கை தானாகவே அப்படி எழுதியது.

தோட்டப் பிரிவு அதைப் பராமரிப்புப் பட்டியலில் சேர்த்துக்கொண்டது.

நவம்பர் கடைசியில் மூன்று நாள் விடாமல் மழை பெய்தது. நான்காம் நாள் காலையில், பெண்கள் கூடையோடு பிரட்டுக்களத்தில் பெயர் கொடுக்க நின்ற நேரத்தில், மேடு இறங்கியது. ஏழாம் லயத்தில் மூன்று குடும்பங்களின் காம்பராக்கள் மண்ணுக்குள் போயின. இரண்டு காம்பராக்களில் ஆள் இல்லை. மூன்றாவதில் பாலம்மாவின் அப்பா வீரய்யாவும் அம்மா தெய்வானையும் இருந்தார்கள். இருவரும் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்கள். அவர்களை வெளியே எடுக்க மத்தியானம் ஆனது.

செய்தி கேட்டதும் யசோதினிக்கு ஞாபகம் வந்தது அந்தச் செத்தவர்களின் முகம் அல்ல, அவர்களை அவள் பார்த்ததே இல்லை. ஏழாம் லயம் என்று நீல மையில் எழுதியிருந்த வரிதான் ஞாபகம் வந்தது. அலுமாரியைத் திறந்து கடிதக் கோவையிலிருந்து அதை எடுத்தாள். இந்த முறை உட்கார்ந்து, இரண்டாம் பக்கத்தையும் வாசித்தாள். "மழை பெலக்க முன்னம் வாங்க. எங்க வயசானவங்க பகல்ல லயத்துலதான் இருக்காங்க" என்று முடித்திருந்தாள் பாலம்மா.

கொழும்பிலிருந்து ஷிரோமி அழைத்தாள். இந்தக் கம்பனி உட்படப் பலவற்றை வைத்திருந்த குழுமத்துக்கே தொடர்பாடல் தலைவி. யசோதினியைப் பணிப்பாளராக்கச் சொல்லி மேலிடத்தில் சண்டை பிடித்தவள் அவள்தான். இருவரும் எப்போதும் ஆங்கிலத்தில்தான் பேசுவார்கள்.

"அறிக்கை வந்திருக்கும். தமிழில் நீயே வாசி. முகம் உன்னுடையதாக இருக்கட்டும்" என்றாள் ஷிரோமி.

அறிக்கையில் ஐந்து பந்திகள். மூன்றாவதில், எழுத்துமூலமான எச்சரிக்கை எதுவும் கம்பனிக்குக் கிடைக்கவில்லை என்று இருந்தது.

"ஷிரோமி, ஒரு கடிதம் வந்தது."

ஷிரோமி மெதுவாகச் சொன்னாள். "எனக்குத் தெரிந்தது உன்னுடைய மின்னஞ்சல். அதில் சிறிதளவு மண்ணரிப்பு என்று இருக்கிறது. அதை எச்சரிக்கை என்று யாரும் சொல்ல மாட்டார்கள். நீ கடிதத்தை வெளியே எடுத்தால், கம்பனியைக் கேட்பதற்கு முதல் உன்னைத்தான் கேட்பார்கள். ஒரு மாதம் ஏன் வைத்திருந்தாய், ஏன் மாற்றி எழுதினாய் என்று. அந்த மூன்றாம் பந்தி கம்பனியை மட்டும் காப்பாற்றவில்லை, யசோ."

அதில் மிரட்டல் இல்லை. உண்மையான அக்கறை இருந்தது. அதுதான் யசோதினிக்குத் தாங்க முடியாமல் இருந்தது.

இடம்பெயர்ந்த குடும்பங்கள் தங்கியிருந்த தோட்டப் பாடசாலை முற்றத்தில் அவள் அறிக்கையை வாசித்தாள். நான்கு கமராக்கள். மூன்றாம் பந்தியை வாசிக்கும்போது எதிரே நின்ற பெண்களில் ஒருத்தி தலையைத் தூக்கிப் பார்த்தாள். வெள்ளைச் சேலை, ஈரத் தலைமுடி. கமராக்காரர்கள் போனதும் அந்தப் பெண் கிட்ட வந்தாள்.

"மிஸ், நான் பாலம்மா. எங்க கடுதாசி ஒங்களுக்குக் கெடைக்கலீங்களா?"

"எப்ப போட்டீங்க?"

"தீவாளிக்கு முந்தி. கலஹா தபால் கந்தோர்ல நானே போட்டேன். போனுல போட்டோகூட புடிச்சு வச்சிருக்கேன்."

"நான் பாத்துச் சொல்றேன்" என்றாள் யசோதினி.

"பாருங்க மிஸ்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் பாலம்மா திரும்பிப் போனாள். கடிதம் எழுதியதற்குப் படம் இருந்தது. அது போய்ச் சேர்ந்தது என்பதற்குச் சாட்சி யசோதினி ஒருத்திதான்.

இரண்டு நாள் கழித்து அக்குறணையிலிருந்து தாஸிம் அழைத்தான். தமிழ்ப் பத்திரிகை ஒன்றின் கண்டிச் செய்தியாளர். பத்து வருடமாகப் பழக்கம். பெருநாளுக்கு வட்டிலாப்பம் கொண்டுவந்து தருபவன்.

"மேடம், அந்த லயத்து ஆக்கள் கடிதம் ஒன்டு போட்டதாச் செல்றாங்க. ஒங்கட ஒபிசுக்கு வந்தீக்கா?"

"அப்படி ஒன்னும் வரல்ல தாஸிம்."

"சரி மேடம். நீங்க சென்னா சரி. நான் அத விட்டுர்றேன்."

அவன் மறுகேள்வி கேட்காமல் நம்பியது, அவன் சந்தேகப்பட்டிருந்தால் வந்திருக்கக்கூடிய பயத்தைவிட மோசமாக இருந்தது. அறிக்கை கம்பனி எழுதியது, வாசித்ததுதான் அவள் என்று அதுவரை தனக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள். இந்தப் பொய்யை எழுதிக் கொடுத்தவர் யாரும் இல்லை.

அவளுடைய கணவன் இளங்கோ யாழ்ப்பாணத்துக்காரன். கண்டியில் கணித ஆசிரியன். மறுநாள் காலையில் அவன் பள்ளிக்குப் போகச் சேட்டை மினுக்கியால் தேய்த்துக்கொண்டிருந்தபோது அவள் எல்லாவற்றையும் சொன்னாள். அவன் மினுக்கியை நிமிர்த்தி வைத்துவிட்டுக் கேட்டான்.

"ஆருக்கும் தெரியாதோ?"

"ஷிரோமிக்குத் தெரியும்."

"நீர் சொல்லாட்டி அது வெளியில வராது."

"ஆமா, வராது."

"சொன்னீரெண்டா வேலை போகும். பேரும் போகும். அந்தச் சனமும் உம்மைத்தான் ஏசும். நான் உம்மைத் தடுக்கேல்லை. ஆனா சொன்னா மனசு லேசாகுமெண்டு மட்டும் நினைச்சுச் சொல்லாதையும். ஆகாது."

அன்றும் அவள் வழக்கம்போல வேலைக்குப் போனாள். அடுத்த நாளும் போனாள். கடிதம் அலுமாரியில் இருந்தது. இரண்டு முறை அதைக் கைப்பைக்குள் வைத்தாள், இரண்டு முறையும் திரும்ப எடுத்து வைத்தாள். இப்படியே ஆறு கிழமை ஓடியது. இதை அவள் பின்னாளில் யாரிடமும் மறைக்கவில்லை. நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்து நினைத்தே அந்த ஆறு கிழமையும் போனதாகச் சொல்வாள்.

ஜனவரி நடுவில் மண்சரிவைப் பற்றிய விசாரணை கண்டியில் நடந்தது. மூன்று பேர் கொண்ட குழு. கம்பனிப் பக்கம் சட்டத்தரணியும் தோட்டத் துரையும் யசோதினியும் உட்கார்ந்திருந்தார்கள். எழுத்தில் ஏதும் வந்ததா என்று தலைவர் கேட்டார். இல்லை என்றார் சட்டத்தரணி. பிறகு பாலம்மாவைக் கூப்பிட்டார்கள். அன்று வரவேண்டிய மொழிபெயர்ப்பாளர் காய்ச்சலில் படுத்துவிட்டார் என்று செய்தி வந்தது. விசாரணையைத் தள்ளிப்போடலாமா என்று மூவரும் தங்களுக்குள் பேசினார்கள். கடைசியில் தலைவர் யசோதினியைப் பார்த்துச் சிங்களத்தில் கேட்டார்.

"நீங்கள் மூன்று மொழியும் பேசுவீர்கள் அல்லவா? கொஞ்சம் உதவ முடியுமா? இருபக்கத்துக்கும் ஆட்சேபணை இல்லையே?"

சட்டத்தரணிக்கு ஆட்சேபணை இல்லை. சொல்லப்போனால் அவர் முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது. பாலம்மா யசோதினியை ஒரு தரம் பார்த்துவிட்டு, சரி என்று தலையை ஆட்டினாள்.

"மேட்டுல வெடிப்பு விட்டிருந்திச்சுங்க" என்று பாலம்மா தொடங்கினாள். யசோதினி அதைச் சிங்களத்தில் சொன்னாள்.

"என் கைய உள்ள விட்டுப் பாத்தேன். இந்தா, முழங்கை வரைக்கும் போச்சு."

யசோதினி அதையும் சொன்னாள். குழுவில் இருந்த பொறியியலாளர் நிமிர்ந்தார். முழங்கை வரைக்குமா என்று திரும்பக் கேட்டார். ஆம் என்றாள்.

"ஊத்துத் தண்ணி கலங்கலா வந்திச்சு. அப்பா சொன்னாரு, இது நல்லதுக்கில்ல, எழுதிப் போடுன்னு. பதினெட்டுப் பேருகிட்ட கையெழுத்து வாங்கினேன். அதுல அவரு கையெழுத்தும் இருக்கு. எங்க கடுதாசி வந்தா யாராச்சும் வருவாங்கன்னு அவரு தெனம் ரோட்டப் பாத்துக்கிட்டிருந்தாரு."

பாலம்மா சொன்னதை யசோதினி ஒரு சொல் விடாமல் முதலில் சிங்களத்தில் சொல்லி முடித்தாள். பிறகு அதே குரலில், "இனி நான் சொல்வது அவர் சொன்னதல்ல, நான் சொல்வது" என்றாள்.

"அந்தக் கடிதம் வந்தது. என்னிடம்தான் வந்தது. ஒரு மாதம் நான் அதைத் தட்டில் வைத்திருந்தேன். பிறகு வெடிப்பு என்பதை மண்ணரிப்பு என்று மாற்றி எழுதி அனுப்பினேன். கமராவுக்கு முன்னால் வரவில்லை என்று வாசித்ததும் நான்தான்."

சட்டத்தரணி எழுந்தார். தலைவர் அவரை உட்காரச் சொன்னார். யசோதினி பாலம்மாவின் பக்கம் திரும்பி அதையே தமிழில் திரும்பவும் சொன்னாள். இந்த முறை எதையும் ஆற்றிக் கொடுக்கவில்லை.

பாலம்மா அழவில்லை. "அப்ப படிச்சீங்க" என்றாள்.

"ஆமா."

"படிச்சிருக்கீங்க."

அன்று பின்னேரம் கடிதம் குழுவிடம் ஒப்படைக்கப்பட்டது.

யசோதினியைக் கம்பனி மறுநாளே இடைநிறுத்தியது. அவளே ராஜினாமா எழுதிக் கொடுத்தாள். ஷிரோமி அதன்பிறகு ஒருபோதும் அழைக்கவில்லை. தாஸிம் செய்தியை எழுதினான். அவளுடைய பொய்யையும் சேர்த்தே எழுதினான், அதில் நியாயம் இருந்தது. அவளைப் பற்றி அரைப் பக்கம் எழுதிய பத்திரிகை இந்த முறை முழுப் பக்கம் எழுதியது. மலையகத் தமிழ்ப் பெண்ணே மலையகத்தாரைக் கைவிட்டாள் என்று முகநூலில் எழுதினார்கள். துணிச்சலான பெண் என்றும் சிலர் எழுதினார்கள். இரண்டாவது வகையை வாசிப்பதுதான் அவளுக்குக் கஷ்டமாக இருந்தது.

குழுவின் அறிக்கையில் கம்பனியும் தோட்ட நிருவாகமும் அவளும் தவறு செய்தவர்களாகக் குறிப்பிடப்பட்டார்கள். ஏழாம் லயத்தவர்களுக்குப் பாதுகாப்பான இடத்தில் வீடு கட்டிக் கொடுக்க வேண்டும் என்றும் எழுதியிருந்தது. இடம் அளந்து கல் நட்டார்கள். அதோடு நின்றது. குடும்பங்கள் தோட்டத்தின் மூடிக் கிடந்த பழைய ஸ்டோருக்குள், தகரம் அடித்துப் பிரித்த அறைகளில் இருந்தன. ஒரு காலத்தில் தேயிலை அரைத்த கட்டடம் அது.

யசோதினி இப்போது கெலிஓயாவில் ஒரு மருந்துக் கடைக்கு மேலே சிறிய அறை எடுத்து, சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளராக இருக்கிறாள். பிறப்புச் சான்றிதழ், காணி உறுதி, வழக்குத் தாள். எவ்வளவு சின்னத் தாள் என்றாலும் மூன்று தரம் ஒப்பிட்டுப் பார்ப்பாள். வாடிக்கையாளர்கள் பொறுமையிழந்து, "இவ்வளவு நேரமா மிஸ்?" என்பார்கள்.

மழை தொடங்கினால் அவளுக்கு வேலை ஓடாது. பாலம்மாவுக்குப் போன் எடுப்பாள். முதல் சில தடவை பாலம்மா எடுக்கவில்லை. பிறகு எடுக்கத் தொடங்கினாள். "இங்க ஒன்னும் இல்ல மிஸ்" என்பாள், வைத்துவிடுவாள். அவ்வளவுதான் பேச்சு.

போன நவம்பரில் ஒரு நாள் காலையிலிருந்து மழை. பத்து மணிக்கு எடுத்தாள், போன் வேலை செய்யவில்லை. பதினொன்றுக்கும் இல்லை. பன்னிரண்டு மணிக்கு அறையைப் பூட்டிவிட்டு பேராதனைக்குப் போய்க் கலஹா பஸ் பிடித்தாள். கலஹாவில் இறங்கினால், தோட்டத்துக்கு ஏறும் பாதையில் மரம் விழுந்து ஆட்டோ எதுவும் போகவில்லை. நாற்பது நிமிடம் ஏறி நடந்தாள். குடை முதல் வளைவிலேயே மடங்கிவிட்டது.

பழைய ஸ்டோரின் வாசலில் பாலம்மா ரொட்டி மாவு பிசைந்துகொண்டிருந்தாள். நனைந்து வந்து நின்றவளைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"கரண்டு இல்ல. போன் செத்துப் போச்சு" என்றாள். பிறகு, "நாங்களும் செத்துட்டமான்னு பாக்க வந்தீங்களா மிஸ்?" என்று கேட்டாள். கோபம் இல்லை, கேலியும் இல்லை. தெரிந்துகொள்ளவே கேட்டாள்.

"ஆமா" என்றாள் யசோதினி.

பாலம்மா மாவுக் கையை மடக்கிக்கொண்டு, முழங்கையால் உள்ளே காட்டினாள். "கொடியில துண்டு கெடக்கு. தொடச்சிக்கிட்டு அந்தப் பக்கமா ஒக்காருங்க. இந்தப் பக்கம் ஒழுகுது."

மழை நாலு மணி வரை விடவில்லை. ஸ்டோருக்குப் பின்னால் வாய்க்காலில் தண்ணீர் கலங்கலாக ஓடியது. அரைமணிக்கு ஒரு தரம் பாலம்மா எழுந்து போய் அதைப் பார்த்துவிட்டு வந்தாள். மூன்றாவது தரம் அவள் எழுந்தபோது யசோதினியும் கூடவே எழுந்து போனாள்.